பனிப்போர் பாடத்துக்கு ஓர் ஒட்டு நோட்டு

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பல வருடம் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தவன் நான். பனிப்போர் பாடம் வந்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கும். ட்ரூமன் கோட்பாடு, மார்ஷல் திட்டம், நேட்டோ, வார்சா என்று நான்கு பெயர், பக்கத்தில் நான்கு வருடம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவார்கள். சேர்ந்து நின்று ஹிட்லரை வீழ்த்தியவர்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் முறைத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், "கொள்கை வேறுபாடு சார்" என்பார்கள். அது ரஷ்யப் புரட்சி நடந்த 1917இலிருந்தே இருக்கிறதே!

அடுத்த பதிப்பில் 1948 ஜூன் மாத ஜெர்மனிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என நான்கு நாடுகள் பங்கு போட்டு ஆண்டன. முதல் மூன்றின் பங்குதான் மேற்குப் பகுதி. சோவியத் பங்குக்கு நடுவில் கிடந்த பெர்லினும் நான்கு துண்டு. ஜெர்மனியின் பழைய பணமான ரைஷ்மார்க்கை யாரும் மதிக்கவில்லை. கள்ளச்சந்தையில் அமெரிக்க சிகரெட்தான் பணம். ஜெர்மனி எழுந்தால்தான் ஐரோப்பா எழும் என்பது அமெரிக்காவின் கணக்கு. போரில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த சோவியத்துக்கு, ஜெர்மனி மறுபடி எழுவதுதான் பயமே. அதற்கு வேண்டியது இழப்பீடு. ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா பணம் தரும் மார்ஷல் திட்டம் பற்றி பாரிஸில் பேச்சுவார்த்தை நடந்தது. 1947 ஜூலையில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் அதிலிருந்து வெளியேறினார். மார்ஷல் உதவிக்குத் தலையாட்டிய செக்கோஸ்லோவாக்கியாவும் மாஸ்கோ அதட்டியதும் பின்வாங்கியது.

அப்புறம்தான் இந்த நோட்டு விவகாரம். அமெரிக்காவில் அச்சடித்து ரகசியமாகக் கப்பலில் கொண்டுவந்த டாய்ச் மார்க் என்ற புதுப் பணம், 1948 ஜூன் 20 அன்று மேற்குப் பகுதிகளில் புழக்கத்துக்கு வந்தது. ஆளுக்கு முதலில் 40 மார்க். அங்கே செல்லாமல் போன பழைய நோட்டெல்லாம் தன் பக்கம் வந்து கொட்டிவிடுமே என்று சோவியத் நிர்வாகம் பதறியது. புது நோட்டு கைவசம் இல்லை. பழைய நோட்டின் மேலேயே சின்னச் சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள்! ஜனங்கள் அதற்கு 'சுவர்த்தாள் மார்க்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மேற்கு பெர்லினுக்கோ 'பி' எழுத்து குத்திய மார்க் வந்தது. ஒரே ஊரில் இரண்டு பணம்.

ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்கான ரயில், சாலை, கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் அடைத்துவிட்டது. மேற்கு நாடுகள் சுமார் 2,77,000 தடவை விமானம் விட்டு ஊருக்குச் சோறு போட்டன. உண்மையில் ஏற்றிப் போனதில் பெரும்பங்கு நிலக்கரி. விமானத்தில் கரி மூட்டை என்றால் கடைசி பெஞ்சுக்காரனும் நிமிர்ந்து உட்காருவான். முற்றுகை நீங்கியது 1949 மே 12இல். அதற்குள் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ பிறந்துவிட்டது. அந்த மே மாதமே மேற்கு ஜெர்மனி தனி நாடானது, அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி.

அந்த ஒட்டு நோட்டின் படம் ஒன்றும் போடுங்கள். ட்ரூமன் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்