சுழல்சக்கரம் வேண்டாம், பூட்ஸ் கொடுங்கள்

குமரி மாவட்டத்தில் இளைஞர்களுக்கான போதை மீட்பு மையங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். என் தங்கை மகனுக்கு 19 வயது. கஞ்சாப் பழக்கத்திலிருந்து மீள, நான்கு மாதமாக ஒரு மையத்துக்குப் போய்வருகிறான். அங்கே அவனுடைய கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். ஆலோசனைக்குச் சென்றால் ஒரு நட்சத்திரம், சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் ஐந்து. பத்து சேர்ந்தால் திரையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம். முதல் மாதம் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. யாரும் எழுப்பாமலே எழுந்து, குளித்து, பஸ் ஏறினான்.

பிறகு ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை. ஒரே ஒரு சந்திப்பு தவறியது. சேர்த்து வைத்திருந்த நட்சத்திரங்கள் அத்தனையும் பூஜ்யமாகிவிட்டன. அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து திரையையே தேய்த்துக்கொண்டிருந்தான். தட்டில் சோறும் மீன்குழம்பும் ஆறிப்போய்க் கிடந்தன. "மாமா, இன்னும் ஒரு சுற்று கிடைத்தால் பெரிய பரிசு விழுந்துவிடும்" என்றான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. களியக்காவிளையைத் தாண்டிப்போய்க் கேரள லாட்டரிச் சீட்டு வாங்கிவரும் பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான் பேசுவார். தமிழ்நாடு 2003-இல் தடைசெய்த லாட்டரியைச் சிகிச்சை என்ற பெயரில் பையன்களின் சட்டைப்பைக்குள் வைக்கிறோமா?

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களின் தொடக்கத்திலேயே கொக்கைன் பழக்கத்துக்கு இதைச் செய்து காட்டினார். முதல் சுத்தமான பரிசோதனைக்கு 2.50 டாலர் மதிப்புள்ள கூப்பன். அடுத்தடுத்துத் தேறத் தேற மதிப்பு 1.25 டாலர் கூடும். சறுக்கினால் கூப்பனின் மதிப்பு மீண்டும் 2.50 டாலருக்கு இறங்கும். ஆனால் அதுவரை சம்பாதித்ததை யாரும் பிடுங்கவில்லை. தொடர்ந்து ஐந்து முறை தேறினால் பழைய மதிப்பு மீண்டும் கிடைத்தது. எங்கள் பையனுக்கு இந்தக் கருணைகூடக் கிடைக்கவில்லை.

செலவைக் குறைக்கத்தான் தேறியவர்கள் கிண்ணத்தில் சீட்டு எடுக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் நான்சி பெட்ரி கொண்டுவந்தார்; குடிநோயாளிகளிடம் அவர் நடத்திய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பல சீட்டுகளில் பாராட்டு மட்டுமே இருக்கும், மிகச் சிலவற்றில் பெரிய பரிசு. அதனால் சூதாட்டம் கூடவில்லை என்று அவருடைய குழுவே பின்னர் ஆராய்ந்து சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கிண்ணம் மையத்து மேசையில் இருந்தது. இரவு இரண்டு மணிக்குத் தலையணைக்கு அடியில் இல்லை. வீடியோ விளையாட்டு அடிமைத்தனத்தையே ஒரு நோயாகச் சேர்த்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு பழக்கத்திலிருந்து மீளும் பையனிடம் இன்னொன்றின் வாசலைக் காட்டலாமா?

ஆகவே சக்கரத்தை எடுத்துவிடுங்கள். தேறிய அன்றைக்கே, கையில், இன்னது என்று முன்கூட்டியே தெரிந்த பரிசைக் கொடுங்கள். பணமாக வேண்டாம். பஸ் பாஸ் கொடுக்கலாம், ஓட்டுநர் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு கட்டலாம். பஸ் வராத நாளைத் தோல்வியாக எழுதாதீர்கள். பரிசு நின்றதும் பலன் தேய்வதுண்டு என்பதால், கடைசி வாரத்துக்கு முன்பே ஒரு வேலைக்கோ படிப்புக்கோ வழி செய்யுங்கள்.

எங்கள் கடற்கரை ஊர்களில் பையன்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். எட்டு வாரம் தேறினால் ஒரு ஜோடி பூட்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். அவனுடைய கால் அளவு 8.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்