எங்கள் தோட்டத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

கட்டாரிலிருந்து எங்கள் குடும்பம் ஊர் திரும்பிய நாள் முதல் இன்றுவரை துணைநின்ற, இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் உறவுகள் அனைவருக்கும், அரச பணியில் இருந்துகொண்டு கடமைக்கு மேலாகவும் கைகொடுத்த உத்தியோகத்தர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், “இதுக்கெல்லாம் என்னம்மா நன்றி, நம்ம புள்ளைங்கதானே” என்று நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவர் இடம் அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் திரும்பிவர முடிவெடுத்த காலம், ஊரே புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள். அந்த ஆண்டின் இறுதியில் தோஹாவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் முடிந்த கையோடு, குளிரூட்டி திருத்தும் வேலையிலிருந்த என் கணவருக்கு ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. அவர் வேறு இடம் தேடிக்கொண்டு அங்கேயே இருக்க, நான் பிள்ளைகளோடு வந்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். என் அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது நான் சிறு வகுப்புப் பிள்ளை. அம்மாயியின் கையில் வளர்ந்தவள். வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருந்த அந்த வீட்டில் எனக்கு எது இல்லாமல் இருந்தது என்பதை நான் அறிவேன். ஆகவே வந்தால் நால்வரும் ஒன்றாக வருவது என்று தீர்மானித்தோம். ஆனால் எங்கள் இருவருக்கும்தான் அது ஊர் திரும்புதல். ஆறு வயது மகளுக்கும் இரண்டு வயதைத் தாண்டியிருந்த மகனுக்கும் இது முன்பின் தெரியாத நாடு. அவர்களுக்கு இந்த நாட்டைச் சொந்தமாக்கிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான் என்பதையே இந்த மடலில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

முதல் நன்றி பக்கத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) அக்காவுக்கு. எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பழையது. காம்பராவுக்குக் காம்பரா இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் அந்த வரிசை முழுவதிலும் புகை இறங்கும். நாங்கள் எல்லோரும் அந்தப் புகையிலேயே வளர்ந்தவர்கள். குளிரூட்டிய அறைகளில் பிறந்து வளர்ந்த என் மகனுக்கோ, மலைக்குளிரும் மழைக்கால ஈரமும் விறகுப் புகையும் ஒன்றுசேர்ந்து, வந்த சில வாரங்களிலேயே நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அவனை நான் இரவில் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருப்பதைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் அந்த அக்கா. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, வாசற்பக்க அடுப்பில் மழைச்சாரலுக்குத் தகரத்தைச் சாய்த்து வைத்து, ரொட்டியும் சம்பலும் செய்து முடித்து, கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போயிருக்கிறார். நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு அந்தக் காலைத் தூக்கம் என்ன விலை என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மாமியார் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

அதைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துத் தம்பிமார் கூடி, பழைய தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நேராக்கி, சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட திறப்பை வரிசை முழுவதற்கும் அடைத்தார்கள். விளிம்புகளில் களிமண் குழைத்துப் பூசினார்கள். அக்கா வீட்டு அடுப்புக்குப் புகைபோக்கியும் வைத்துக்கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் அவர்கள் எங்களிடமிருந்து வாங்கவில்லை. இப்போது அக்காவும் உள்ளேயே சமைக்கிறார். அவருடைய இருமலும் குறைந்திருக்கிறது என்று சொல்கிறார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் சிறுவர் விடுதித் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் என் நன்றி. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய உதவியுடன் கட்டப்பட்ட அதன் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, தோஹாவில் இருந்துகொண்டு கைபேசியில் அந்தக் காட்சியைப் பார்த்து மகிழ்ந்தவள் நான். அதே கட்டடத்தில் நெபுலைசர் முகமூடியை அணிந்த மகனோடு உட்கார்ந்திருப்பேன் என்று அன்று நினைத்ததில்லை. மருந்து கொடுத்ததற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஒரு தாதி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்து, மகனின் சட்டையை உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் என்னையே எண்ணச் சொன்னார். ஒரு வயது முடிந்து ஐந்து வயதாகாத பிள்ளை, அழாமல் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ விடியும்வரை காத்திராமல் கொண்டுவர வேண்டும் என்று விளக்கினார். நான் சரியாக எண்ணும்வரை அவர் என்னை விடவில்லை. அதன் பிறகு இரவில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, என்ன பார்க்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்ற தெளிவு வந்தது. புறப்பட வேண்டியிருந்த இரவுகளில் வாடகையைப் பற்றிப் பேசாமல் வந்த சந்தியிலுள்ள ஓட்டோ அண்ணனையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். எங்கள் தமிழை எங்களைப்போலவே பேசுபவர். கட்டாரில் போட்ட தடுப்பூசிகளின் பதிவுகளை இலங்கை அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி என் பிள்ளைகள் இருவருக்கும் போடப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவரே. இங்கே அது ஒரு வயது முடிந்ததும் போடப்படுகிறது. அங்கே அது வழக்கமான அட்டவணையில் இல்லை. இருவருக்கும் சுகாதாரப் பதிவேடு திறந்து, மகனுடைய நிறை வளர்ச்சிக் கோட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதைக் காட்டி, திரிபோஷா சத்துமா கிடைக்க ஏற்பாடு செய்து, கிளினிக் நாளை நினைவூட்டுவதற்காக மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் எங்கள் லயம்வரை ஏறிவந்தார். அட்டை கடித்த காலில் உப்பைத் தடவிக்கொண்டே அவர் பதிவேட்டை எழுதியது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அந்தத் திரிபோஷாவை மகனுக்குச் சாப்பிடப் பழக்கியவர் பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) ஆயம்மா. வீட்டில் நான் எப்படிக் கொடுத்தாலும் துப்பிவிடுவான். அவர் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து, அவனிடம் கொடுக்காமல், மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிடச் சொல்லித் தட்டை அவன் கையில் கொடுத்தார். பங்கிட்டு முடித்தவன் கடைசி உருண்டையைத் தானே சாப்பிட்டான். தோட்ட வேலைக்குப் போகாத எங்கள் வீட்டுப் பிள்ளையையும் அங்கே சேர்த்துக்கொண்ட சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் நன்றி. அதனால்தான் நான் தையல் வேலையைத் தொடங்க முடிந்தது.

இனி, பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மகன் பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்தவன். தூதரகத்தில் விண்ணப்பம் கொடுத்திருந்தும், அவனுடைய குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வராமலே நாங்கள் புறப்பட வேண்டியிருந்தது. அரபிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு பிறப்புச் சான்றிதழைத் தவிர, குடியுரிமை கோருவதற்கு அவனிடம் வேறு ஆவணம் இல்லை. ஐயா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, திருமணப் பதிவு, எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுப் பிரதிகள் அனைத்தையும் வரிசைப்படுத்தி, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சமாதான நீதவானின் சத்தியக் கடதாசியையும் பெற்றுத்தந்தார். அத்தோடு நிற்காமல், அதிகாலை பஸ்ஸில் எங்களோடு பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்வரை வந்தார். கித்துல்கல வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று தேசிக்காய் கொண்டுவந்து, வழி முழுவதும் அவனை மடியில் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

என் பாட்டனார் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர். நாடற்றவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் அவருடைய தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போய்விட்டார். இருவரும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்த எங்கள் மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. என் மகனுக்கு வழங்கப்பட்ட சான்றிதழ், திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலிருக்கும் அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் வம்சாவழியால் கிடைத்தது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்த 2023ஆம் ஆண்டிலேயே அது எங்கள் கைக்கு வந்தது. அந்தத் தாளை வாங்கியதும் ஐயா அதை ஒரு தடவைக்கு இரு தடவை வாசித்துவிட்டு, எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின்புதான் என்னிடம் தந்தார். அவர் ஏன் அவ்வளவு கவனமாக வாசித்தார் என்பதை அவரிடம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு நகரத்துப் பாடசாலை ஒன்றை முதலில் அணுகினோம். வாக்காளர் இடாப்பில் தொடர்ச்சியான பதிவு, காணி உறுதி, எங்கள் பெயரில் முகவரி என்று அவர்கள் கேட்ட எதுவும் எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தொடர்ச்சியான வாக்காளர் பதிவு எங்கிருந்து வரும்? லயக் காம்பராவுக்கு ஏது உறுதி? எங்களுக்கு வரும் கடிதங்கள் இன்றும் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகின்றன. இந்த நடைமுறை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் தோட்டப் பாடசாலை அதிபர், ஆவணங்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும் என்றார். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்விக் கல்லூரியில் பயின்று வந்த இளம் ஆசிரியை, தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் தரம் 2இல் வந்து உட்கார்ந்த பிள்ளையை, மற்றப் பிள்ளைகள் ஒருநாளும் கேலி செய்யாதபடி பார்த்துக்கொண்டார்.

அவருக்குத் துணையாக மாலை நேரத்தில் எழுத்துக் கற்பித்தவர், எனக்கும் ஒரு காலத்தில் கற்பித்த, இப்போது ஓய்விலிருக்கும் எங்கள் டீச்சர். அரிச்சுவடியில் மகளுக்கு மனம் ஒட்டவில்லை என்று கண்டதும், சந்திக்கு அழைத்துச்சென்று, வந்து நிற்கும் பஸ்களின் பெயர்ப்பலகைகளைக் காட்டினார். மும்மொழியிலும் எழுதிய ‘ஹட்டன் – பொகவந்தலாவை’ என்ற பலகையே அவளுடைய முதல் பாடம். ஹட்டனில் இரண்டு ‘ட’ இருக்க, ஒன்றின் தலையில் மட்டும் ஏன் புள்ளி என்று மகள் கேட்டாள். “அது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது கண்ணு, அடுத்தது வந்து கையைப் பிடிச்சதும் விட்டுரும்” என்று டீச்சர் சொன்னார். அன்று மாலை வீட்டில் மூச்சைப் பிடித்துப் பிடித்து மெய்யெழுத்துகளைச் சொல்லிப் பார்த்தாள் மகள். பலகையை அவள் வாசித்து முடிக்கும்வரை காலை பஸ்ஸை நிறுத்திவைத்துப் பொறுமை காத்த இலங்கைப் போக்குவரத்துச் சபைச் சாரதிக்கும், சிங்கள எழுத்திலுள்ளதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்த நடத்துநருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இப்போது அவள் மூன்று வரிகளையும் வாசிக்கிறாள்.

மாலை வகுப்புக்கு மண்டபத்தைத் திறந்துவிட்ட மாரியம்மன் கோயில் பரிபாலன சபையினர், தங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன கம்பளிச் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்த தாய்மார், கணவர் ஹட்டனில் திருத்துமிடம் தொடங்கியபோது முதல் வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. என் மாமியாருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் அவர் இல்லாமல் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு திரும்பிவரும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. எங்களுக்காக ஐயா தயாரித்த விண்ணப்பங்களின் பிரதிகள், எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதம் வாங்க வேண்டும் என்று அவர் கைப்பட எழுதிய குறிப்பு, தடுப்பூசி அட்டவணை ஆகியவற்றைக் கோயில் மண்டபத்துப் புத்தக அலுமாரியில் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஐயாவும் நானும் அங்கே இருப்போம். புறப்படத் தயாராக இருப்பவர்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசிப் பதிவையும் கார்கோ பெட்டியில் போட்டு அனுப்பாமல், கைப்பையிலேயே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
மேல் டிவிஷனில் வசிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய்
டிக்கோயா