நீலமாக வேண்டும் என்று கேட்டாய்

மதுரை
ஆவணி முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. நீ கேட்ட படத்தை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். “புது வீட்டு ஹாலுக்கு நம்ம ஊர் மண்டபத்துக் கடலை வரைந்து கொடு, நல்ல நீலமாக இருக்கட்டும், சோபாவுக்குப் பொருத்தமாக” என்று எழுதியிருந்தாய். சோபாவை விடு. நீலத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

வைகாசியில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது பாத்ரூம் வாளி. அப்படி ஒரு நீலம்! வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் பார்த்தால், அதே வாளி டீத்தண்ணீரில் முக்கி எடுத்தது போல் இருக்கிறது. புரை வளர வளர கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீலத்தை வடிகட்டிவிடுமாம். மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் 1923இல் இதே ஆபரேஷன் நடந்தது. அப்புறம் எல்லாம் ஒரே நீலமாகத் தெரிகிறது என்று புலம்பி, நிறக்கண்ணாடி எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். உடனே மோனே பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று சிரிக்காதே. கண்புரை எல்லோருக்கும் பொது.

சரி, ஒரு கண் புதுசு, ஒரு கண் பழசு, இந்த நிலையிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஆடியில் ஊருக்குக் கிளம்பினேன். தென்மேற்கிலிருந்து நல்ல கச்சான் காற்று. தென்கடல் கரையில் நிற்க முடியவில்லை. நாலு தெரு தாண்டி வடகடலுக்குப் போனால் ஊருணி மாதிரி கிடக்கிறது. தென்கடலை ஆண்கடல், வடகடலைப் பெண்கடல் என்று நம் ஆட்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். மார்கழியில் வாடை கிளம்பும்போது பெண்கடல் போடுகிற ஆட்டத்தைப் பார்த்த எவரும் இந்தப் பேரை வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

நிறத்திலும் இரண்டும் வேறுதான். தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுவதால் ஆழம் கூடக்கூட நீலம் தேறும். வடக்கே பாக் விரிகுடாவில் ஆழம் கம்மி. அடியில் கிடக்கும் மணலும் சேறும் மேலே வந்து, பாசிப்பயறு ஊறவைத்த தண்ணீரின் பச்சை தட்டுகிறது. மத்தியான வெயிலில் அதுவும் போய் வெறும் கண்கூசல்தான். அந்த நேரத்தில் கடலுக்கு நிறமே கிடையாது.

தென்கடல் கரையில் படம் போட உட்கார்ந்தது பெரிய கூத்து. தூரிகையை எடுப்பதற்குள் தட்டில் வண்ணம் காய்ந்துவிடுகிறது. ஈரக் காகிதத்தில் மணல் வந்து ஒட்டுகிறது. பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோய், அவசரத்துக்குக் கடல் தண்ணீரையே தொட்டு ஒரு வானம் அடித்தேன். சாயங்காலம் வரை காகிதம் பிசுபிசுவென்றே இருந்தது. உப்பு ஈரத்தை விடாதல்லவா? ராத்திரி பார்த்தால், உப்புத் தங்கிய இடங்களில் வண்ணம் விலகிச் சின்னச் சின்னப் பூவாகப் பூத்திருக்கிறது. நான் நினைத்துச் செய்திருந்தால் வந்திருக்காது. அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து வண்ணப் பெட்டியைத் திறக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. ‘தூரத்துக் கடல்: கத்திரிக்காய்த் தோல். ஈரமணல்: ஆறிப்போன பால்காப்பி.’ தனுஷ்கோடி தேவாலயச் சுவருக்குப் புழுங்கல் அரிசி என்று எழுதியிருக்கிறேன். 1964 புயலை நாம் கறுப்பு வெள்ளைப் போட்டோவிலேயே பார்த்துவிட்டதால், வரைகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்துக்குச் சாம்பல் பூசுகிறார்கள். சாயங்கால வெயிலில் அந்தப் பவளக்கல் ஓட்டைகளுக்குள் எட்டிப் பார், சாம்பலே இல்லை.

மதுரைக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் வரைய உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பத்து வயதில் நம் இரண்டு பேர் கண்ணும் புதுசு. எவ்வளவு நீலம் பார்த்திருக்க வேண்டும்! யோசித்தால் எனக்கு நீலமே ஞாபகம் வரவில்லை. நெத்திலி காயப்போட்ட மணல்தான் வருகிறது. காலையில் வெள்ளியாக மின்னியது மத்தியானத்துக்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். காக்கை விரட்ட நம்மை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். உடைமர நிழல் ஓட்டை ஓட்டையாக விழும். நாம் எங்கே கடலைப் பார்த்தோம்? அது பாட்டுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

ஆகவே படத்தில் முக்கால்வாசி மணல்தான். உச்சியில் இரண்டு விரல்கடை கடல், அதுவும் கத்திரிக்காய்த் தோல்தான். உன் வீட்டம்மா கேட்டால் பழியை என் இடது கண்மேல் போட்டுவிடு. மேற்கு வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதே, வெளுத்துவிடும்.

இன்னும் அனுப்பவில்லை. வலது ஓரத்தில் உங்கப்பா வள்ளத்தைப் போட்டிருக்கிறேன். முன்பக்க அணியத்தில் அடித்திருந்த பட்டை பச்சை என்று என் மனது சொல்கிறது. அக்காவிடம் கேட்டால் அடித்துச் சொல்கிறாள், சிவப்பாம். அந்த இடத்தில் காகிதத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். உனக்கு என்ன நிறம் ஞாபகம் என்று ஒரு வரி எழுது. போனில் சொல்லாதே, அக்கா பக்கத்தில் இருப்பாள்.

உன்
மாப்ளே