இருபது நிமிடம் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு மாறிய நாங்கள் பலர் சேர்ந்து எழுதும் மடல் இது. ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்தால் யாருக்கு, எதற்கு என்பது தெரியாமல் போய்விடும். அதனால் எதற்கென்று சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, முன்பின் அறியாதவர் அனுப்பிய மடலுக்கும் பதில் போட்டு இருபது நிமிடம் பேசியவர்களுக்கு. ‘வேலை ஏதும் காலியிருக்கிறதா’ என்று தொடங்கினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘உங்கள் குழு யாருக்கு எதைச் செய்துகொடுக்கிறது, எந்த முடிவு வந்தால் திட்டத்தைக் கைவிடுவீர்கள்’ என்று கேட்டால்தான் விஷயம் வரும் என்று புரியவைத்தீர்கள். விளம்பரத்தில் எல்லாமே ‘விஞ்ஞானி’ என்றுதான் இருக்கும். உள்ளே வேலை வேறு வேறு. கண்டுபிடிப்புப் பிரிவில், இந்தப் புரதத்தைத் தடுத்தால் நோயின் போக்கு மாறுகிறதா என்பது கேள்வி. செயல்முறை மேம்பாட்டில், குலுக்குக் குடுவையில் செழித்த செல் 2,000 லிட்டர் கலனிலும் செழிக்குமா என்பது கேள்வி. அங்கே ஆக்சிஜன் போதிய வேகத்தில் கரைய வேண்டும், கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும். அதற்காகக் கலக்கும் வேகத்தையும் காற்றுக் குமிழியையும் கூட்டினால் செல் அடிபடும். பகுப்பாய்வு மேம்பாட்டில் இருப்பவர்களுக்கோ, மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அளக்கும் முறையை உருவாக்குவதே வேலை. ஒரே ஆள் ஒரே ரெஸ்யூமை மூன்று பிரிவுக்கும் அனுப்பினால் ஏன் பதில் வருவதில்லை என்பது இதற்குப் பிறகுதான் விளங்கும்.

அந்த ரெஸ்யூமைச் சிவப்பு மையால் குதறியவர்களுக்கு அடுத்த நன்றி. எட்டுப் பக்கம் இரண்டாகச் சுருங்கியது. மாநாட்டுச் சுவரொட்டிகள் போயின. கட்டுரைகளில் மூன்று மட்டும் மிஞ்சின. ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி தெரியும்’ (சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் முறை) என்ற வரியை அடித்துவிட்டு, எத்தனை வண்ணச் சாயங்களின் தொகுப்பு (பேனல்), யார் வடிவமைத்தது, எத்தனை மாதிரி, வேறு யார் அதைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள் என்று கேட்டீர்கள். முதலில் படிப்பவர் பெரும்பாலும் ஆளெடுப்புத் துறையைச் சேர்ந்தவர், செல் உயிரியல் படித்தவர் அல்ல. விளம்பரத்தில் உள்ள சொல் ரெஸ்யூமிலும் இருந்தால்தான் அவர் கண்ணில் படும்.

நேர்காணல் உரையின் ஒத்திகைக்குப் பொறுமையாக உட்கார்ந்தவர்களை மறக்க முடியாது. நாற்பத்தைந்து நிமிட உரையில் பதினைந்து நிமிடம் முன்னுரைக்கே போவதுதான் வழக்கமான கோளாறு. ‘இந்தச் சோதனை தோற்றிருந்தால் அடுத்து என்ன செய்திருப்பீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஸ்லைடுகளை எல்லாம் நீக்கச் சொன்னீர்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்ற அடக்கம் அந்த அறையில் உதவாது. எது உங்கள் கை, எது கூட்டாளியின் கை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். காப்புரிமைப் பிரிவில் இருப்பவர்கள் சொன்ன எச்சரிக்கை தனி மதிப்புள்ளது. ரகசிய ஒப்பந்தம் இல்லாத இடத்தில் வெளியாகாத டி.என்.ஏ. அல்லது புரத வரிசையையோ மூலக்கூறு அமைப்பையோ காட்டினால் அது பொதுவெளியில் சொன்னதாகிவிடலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அப்படி வெளியானால் ஐரோப்பாவில் அது புதுமை என்ற தகுதியை இழந்துவிடும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஆகவே ஆய்வு நெறியாளரிடமும் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அலுவலகத்திடமும் கேட்ட பிறகே ஸ்லைடுகளைத் தயாரிக்க வேண்டும்.

இனி, பெரிய கடன். அது தர உறுதிப் பிரிவுக்கும் புள்ளியியலாளர்களுக்கும்.

ஒரே நாளில், சிறு குழிகள் கொண்ட ஒரே சோதனைத் தட்டில், ஒரே குழாயிலிருந்து மூன்று குழிகளில் ஊற்றிவிட்டு ‘மூன்று முறை செய்தேன்’ என்பது கல்விக்கூடத்தில் பல சமயம் எடுபடும். பிப்பெட் பிடிக்கும் கையின் சீரைத்தான் அது அளக்கிறது, முறையின் சீரை அல்ல என்று நீங்கள்தான் உறைக்கும்படி சொன்னீர்கள். மருந்து விதிமுறைகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச். 2022இல் ஏற்ற எம்10 வழிகாட்டுதலின்படி, கலவையைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி முறையில் அளந்த அளவு உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அளக்கக்கூடிய மிகக் கீழ் அளவில் மட்டும் 20. ஆன்டிபாடி பிணைவதை வைத்து அளக்கும் எலைசா போன்ற முறைகளுக்கு இவை முறையே 20, 25. அதுவும் ஒரே ஓட்டத்தில் அல்ல, வெவ்வேறு நாட்களில். பல வேதிப்பொருள்களைச் சோதித்து மருந்தைத் தேடும் திரையிடலில், ஒப்பீட்டு மாதிரிகள் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்று காட்டும் இசட் பிரைம் எண் 0.5க்குக் குறைந்தால் தட்டையே சந்தேகிக்க வேண்டும்.

96 குழித் தட்டில் 36 குழிகள் ஓரத்தில் இருக்கின்றன. இன்குபேட்டரில் அவற்றிலிருந்து நீர் முதலில் ஆவியாகும், வெப்பமும் சமமாகப் பரவாது. மருந்தோடு ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டு மாதிரிகளை எல்லாம் முதல் நிரலில் வைத்துவிட்டு மருந்தின் விளைவு என்று படித்தது வெறும் ஓர விளைவாக இருக்கலாம். ஓரக் குழிகளில் செல் வளர்ப்புத் திரவத்தை (மீடியம்) மட்டும் ஊற்றி விட்டுவிடுவது, மாதிரிகளின் இடத்தைக் கலைத்துப் போடுவது, செல் இட்ட தட்டைச் சற்று நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு உள்ளே வைப்பது ஆகிய மூன்றும் காசில்லாத மருந்து. ஆன்டிபாடியின் பழைய தயாரிப்புத் தொகுதி (லாட்) தீரும் முன்பே புதியதை அதன் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பதும், ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் லைனுக்கு, எந்த ஆளின் செல் என்று மரபணுவால் உறுதிசெய்யும் எஸ்.டி.ஆர். அடையாளச் சோதனையும், செல்லைத் தொற்றும் நுண்ணுயிரான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையும் முறை தவறாமல் செய்வதும் அப்படியே. இதையெல்லாம் ஏன் இவ்வளவு கெடுபிடியாகக் கேட்கிறார்கள் என்று புதிதாக வருபவர்கள் முனகுவது உண்டு. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் திரும்பச் செய்துபார்த்த 53 முக்கிய புற்றுநோய் ஆய்வுகளில் 6 மட்டுமே உறுதிப்பட்டதாக 2012இல் நேச்சர் இதழில் எழுதப்பட்டது. அதன் பிறகு முனக இடமில்லை.

குறிப்பேட்டில் பிழையை ஒரே கோட்டால் அடித்து, தேதியும் கையொப்பச் சுருக்கமும் போட வேண்டும். அடியில் உள்ள எண் படிக்கும்படி இருக்க வேண்டும். கையுறைப் பெட்டியின் மேல் கிறுக்கி வைத்துச் சாயங்காலம் எழுதிக்கொள்வது செல்லாது. ஒத்துவராத எண்ணை நீக்க, ‘ஒத்துவரவில்லை’ என்பது காரணமாகாது. வகுத்த முறையிலிருந்து தவறியதைப் பதியும் விலகல் அறிக்கை தண்டனைத் தாள் என்று பயந்து மறைப்பவர்களிடம், எழுதிய தவறைத் திருத்தலாம், எழுதாததை வைத்துத் தொகுதியையே கொட்டத்தான் வேண்டும் என்று சலிக்காமல் சொன்னீர்கள்.

நிறுவனப் பங்கைப் பின்னாளில் குறித்த விலையில் வாங்கும் பங்கு விருப்ப உரிமையைப் படித்துக் காட்டியவர்களுக்கும் நன்றி. நிறுவனத்தின் மொத்தப் பங்கு தெரியாமல் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. பெரும்பாலும் இந்த உரிமை நான்கு ஆண்டில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும், முதல் ஆண்டு முடியும் முன் கிளம்பினால் ஒன்றுமில்லை. கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நெறியாளர்களே, பாதிக் கட்டுரையோடு கிளம்பும் ஆளை வாழ்த்தி அனுப்புவது எளிதல்ல. கிளம்பும் முன்பே ஆசிரியர் வரிசையையும் மிச்சச் சோதனைகளை யார் செய்வது என்பதையும் எழுத்தில் முடித்துக்கொண்டீர்கள். உறைபெட்டியின் வரைபடம், பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ.) வரிசைக் கோப்புகள், மூலத் தரவு எல்லாவற்றையும் கேட்டு வாங்கினீர்கள். ஒப்பந்தமில்லாமல் ஒரு குப்பிகூட வெளியே போகக் கூடாது என்று நீங்கள் பிடித்த பிடிவாதம் புது நிறுவனத்தையும் சிக்கலிலிருந்து காத்தது.

இனி அந்த இருபது நிமிடம் எங்கள் பங்கு. கேட்பவர்கள் இரண்டு பக்க ரெஸ்யூமையும் மூன்று கேள்விகளையும் முந்தின நாளே அனுப்பிவிட்டால் போதும். வெளியாகாத தரவை மட்டும் அனுப்ப வேண்டாம்.

நன்றியுடன்,
ஆய்வகம் மாறியவர்கள்