ஒரே நாளில் இறக்காதே

அன்புள்ள சேகர்,

கடிதமும் உன் கடல்நீர் மீன்தொட்டியின் படமும் கிடைத்தன. 200 லிட்டர் தொட்டியில் உப்பு 38 பிபிடி (ஆயிரத்தில் 38 பங்கு) காட்டுகிறது, ஸோவாந்தஸ் பவளம் எல்லாம் மூடிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை 15 லிட்டரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அளவு ஏறக்குறைய சரிதான். ஒரே நாளில் செய்யப் பார்க்கிறாயே, அதுதான் வேண்டாம்.

அதற்கு முன்னால் அந்த 38 நிஜமா என்று பார். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் மட்டும் பூஜ்ஜியம் வைத்தால் போதாது. மலிவு விலையில் வருகிறவை பலவற்றில் கடல்நீருக்கான அளவு இருக்காது, சாதா உப்புக் கரைசலுக்கான அளவுதான் இருக்கும். பூஜ்ஜியத்தில் ஒழுங்காக நிற்கும், 35 இருக்கும் இடத்தில் 36.5 என்று சொல்லும். 35 பிபிடி கடல்நீர்க் கரைசல் ஒரு பாட்டில் வாங்கு. இரண்டு சொட்டு விட்டு மூடி, அரை நிமிடம் பொறுத்து, நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-இல் உட்காரும்வரை திருகைத் திருப்பு. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நான் நம்புவதே இல்லை. முள்ளில் ஒரு குமிழி ஒட்டினால் கூடக் காட்டும், உப்பு படிந்தால் குறைத்துக் காட்டும்.

அப்புறமும் 38 என்றால், நாளுக்கு ஒரு பிபிடி மட்டும் இறக்கு. 200-ஐ 38-ஆல் வகுத்தால் 5.3 லிட்டர். சம்ப்பிலிருந்து, அதாவது கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியிலிருந்து, அவ்வளவு உப்புத் தண்ணீரை எடு. அதே அளவு ஆர்ஓ-டிஐ தண்ணீரை (உப்பு முழுக்க நீக்கிய நல்ல தண்ணீர்), தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஏர் டியூபில் சொட்டுச்சொட்டாக சம்ப்பில், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில் விடு. இரண்டு மணி நேரம் ஆகட்டும். மறுநாள் காலை அளந்துவிட்டு அடுத்த தவணை. மூன்று நாளில் 35.

மீன் இதைவிட வேகத்தையும் தாங்கும். அதன் உடம்புநீரில் உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பவளம், இறால், நட்சத்திர மீனுக்கு அந்த அளவு தெம்பு கிடையாது. வெளியே உப்பு குறைந்த உடனே தண்ணீர் உடம்புக்குள் ஏறி செல்கள் ஊதிப்போகும். உன் தொட்டியில் முதலில் அடிவாங்குவது அந்த இறால்தான்.

ஏறியதற்குக் காரணம் வெயில்தான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே கிடக்கும். சம்ப் இருக்கிற தொட்டியில் மட்டம் குறைவது ரிட்டர்ன் அறையில்தான் தெரியும். அங்கே ஒரு டேப் ஒட்டி, கோடு வரை தினமும் நல்ல தண்ணீர் விடு. சமையலறை ஆர்ஓ வேண்டாம், ருசிக்காக அதில் கொஞ்சம் பழைய தண்ணீரையே கலந்து விடுவார்கள். டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். ஆவியான தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வைக்கிறாய் என்றால் வாளியைச் சின்னதாக வை. ஃப்ளோட் சுவிட்சில் ஒரு நத்தை உட்கார்ந்தால் போதும், வாளி முழுக்க உள்ளே போய்விடும்.

அப்படி உப்பு இறங்கிப்போனால் பொடியை நேராகத் தொட்டியில் கொட்டாதே, கரையாத துகள் பவளத்தைச் சுட்டுவிடும். டாப்-அப்புக்கு நல்ல தண்ணீருக்குப் பதில் 35-இல் கலந்த தண்ணீரை விடு. தினம் 2 லிட்டர் ஆவியானால் 70 கிராம் உப்பு சேரும், அதாவது 0.35 பிபிடி. 31-லிருந்து 35-க்கு வர பதினோரு பன்னிரண்டு நாள். கலக்கும்போது தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாக வெள்ளையாய்ப் படிந்துவிடும். 35 கிடைக்க லிட்டருக்கு 38 கிராம் பொடியில் தொடங்கு, தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் ஓட விட்டு மறுநாள் அளந்து சரிசெய். நம் ஊர் ஈரக்காற்றில் பை திறந்தே கிடந்தால் எடைக் கணக்கு உதவாது.

இன்னொன்று. 38-ஐ 35 ஆக்கும்போது கேஎச்சும் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) சேர்ந்து இறங்கும். 9 இருந்தது 8.3-க்கு வரும். ஸோவாந்தஸ் மூடியிருப்பதற்கு உப்புதான் காரணமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். கேஎச்சை இன்றைக்கே அளந்து எழுது.

அன்புடன்,
ரவி