குமரி மாவட்டப் பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

விடுமுறையில் ஆய்வகக் கணினிகளில் லினக்ஸ் நிறுவும்போது, வன்தட்டைப் பிரிக்கும் திரையில் எந்தக் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) வேண்டும் என்று கேட்கப்படும் இடத்தில் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. காற்றில் ரப்பர் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் சொல்லாமல் போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபின் எத்தனை நாள் இருளில் இருந்தோம் என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எனவே மின்தடையை முன்வைத்தே இந்தத் தேர்வைச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் உதவிக்குச் சென்ற ஒரு பள்ளியில், விண்டோசிலும் திறக்கட்டும் என்று மாணவர் கோப்புகளுக்கான பகுதியை ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் அமைத்திருந்தார்கள். யுபிஎஸ் மின்கலம் செத்துப்போயிருந்த ஒரு பிற்பகலில் மின்சாரம் நின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாரக்கணக்கில் செய்த வேலையில் பாதி அதன்பின் திறக்கவே இல்லை. அந்த முகங்களைப் பார்த்தபின்தான் இதை எழுதத் துணிந்தேன்.

2008இல் லினக்ஸின் மையமான கருநிரலில் நிலைபெற்ற எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை, வட்டின் அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகே உரிய இடத்தில் பதிக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும், மறுபடி இயங்கும்போது அக்குறிப்பைப் பார்த்து அமைப்பைச் சீராக்கிக்கொள்கிறது. சேமிக்காத வரிகளை அது மீட்டுத் தராது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஃபேட்32இல் இந்தக் குறிப்பேடு இல்லை. கோப்பு யாருடையது என்ற விவரமும் இல்லை. 4 ஜிபி அளவுள்ள கோப்பையும் அது ஏற்காது. கணினியைத் தொடக்கிவைக்கும் யுஇஎஃப்ஐ பகுதிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் பிழை கண்டறியும் வசதியும் உடையது, நல்லதுதான். ஆனால் அதைக் கவனித்துப் பராமரிக்கத் தெரிந்தவர் மாறுதலில் போய்விடக்கூடிய ஆய்வகத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இயங்குதளத்துக்கு 50 ஜிபி ஒதுக்கி, மீதியை மாணவர் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியாக்கி, இரண்டையும் எக்ஸ்ட்4 ஆக அமையுங்கள். வழக்கமாக ஒவ்வொரு பகுதியிலும் 5 விழுக்காட்டை அது நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும். ஹோம் பகுதியில் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 விழுக்காடாகக் குறைக்கலாம். பின்னாளில் மீண்டும் நிறுவுபவர் ஹோம் பகுதியை அழித்துவிடாதபடி, எந்தப் பகுதி எதற்கு என்று தாளில் எழுதி ஒவ்வொரு கணினியிலும் ஒட்டிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு லினக்ஸ் பயனர்