தம்பிக்காக அப்பாவுக்கு ஒரு கடிதம்

இப்ஸ்விச், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா முட்டி வலி மாத்திரையை இடையில் நிறுத்தாமல் சாப்பிடட்டும்.

பாட்டு, வீடியோ என்று அலைகிறான் என்று தம்பி மேல் உங்களுக்குக் கோபம். போனில் அவன் பேச்சை எடுத்தாலே நீங்கள் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இத்தனை வருஷம் ஊரார் கடிதத்தையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், மகள் எழுதியதை முழுசாகப் படிப்பீர்கள் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது. ஒரு டியூட்டி 12 மணி நேரம். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். பகல் டியூட்டி என்றால் சூரியனையே பார்க்க முடியாது. வாடகை, ஹீட்டர் பில் எல்லாம் போகக் கையில் நிற்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை, ஆனாலும் குறையொன்றும் இல்லை. கூட இருக்கும் கோட்டயத்துப் பெண்கள் இருவரும் தங்கமானவர்கள். இரவு டியூட்டி முடிந்து வந்தால் எனக்கும் சேர்த்துச் சோறு வைத்திருப்பார்கள்.

போன லீவில் பக்கத்தில் வுட்பிரிட்ஜ் என்ற ஊருக்கு ரயிலில் போனேன். டெபன் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாவு ஆலை இருக்கிறது. கடல் ஏறும்போது வரும் தண்ணீரைக் குளத்தில் மறித்து வைத்து, கடல் வற்றியதும் மதகைத் திறந்து சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் மதகடியை விட்டு நகரவே மாட்டீர்கள்.

அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பிரையன் ஈனோ என்று பெயர், இசை உருவாக்குபவர். 1948இல் ஊரை ஒட்டியிருக்கும் மெல்டனில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் உங்களைப் போலத் தபால்காரர்தான். வார்டில் இருந்த ஒரு தாத்தா இவருடைய பாட்டை ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த ஆளைத் தெரியும், அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

ஈனோ படித்தது ஓவியம். முதலில் இப்ஸ்விச், பிறகு வின்செஸ்டர் கலைக் கல்லூரி. இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. 'நான் இசைக் கலைஞனே இல்லை' என்று அவரே சொல்லிக்கொள்வார். டேப் ரெக்கார்டரை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவர், 1971இல் ராக்ஸி மியூசிக் என்ற ராக் இசைக் குழுவில், மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் சின்தசைசர் வாசிக்கப் போனார். குழு பேர் வாங்கிய நேரத்தில், 1973இல், அதைவிட்டு வெளியே வந்துவிட்டார். நம் ஊரில் இதற்கு என்ன பேச்சுப் பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

1975 தொடக்கத்தில் ஒரு டாக்சி மோதி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்க வந்த தோழி யாழ் போன்ற ஹார்ப் வாத்தியத்தின் பழைய இசைத்தட்டு ஒன்று கொடுத்தார். அவர் போன பிறகு, ஈனோ தட்டுத்தடுமாறி எழுந்து அதைப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து படுத்தால், சத்தம் மிகக் குறைவு. ஒரு ஸ்பீக்கர் வேலையே செய்யவில்லை. மறுபடி எழுந்து போகத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தந்தி ஒலி மட்டும் காதில் விழுந்தது. அறையின் வெளிச்சம்போல, மழைபோல, இசையும் அறையோடு அறையாக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் காது எப்படிக் கூர்மையாகிவிடும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன், அதனால் இதை அப்படியே நம்புகிறேன்.

அதிலிருந்து வந்ததுதான் விமான நிலையங்களுக்கென்று அவர் செய்த 1978ஆம் வருஷத்து ஆல்பம். அதில் ஒரு பகுதிக்குக் குரல்களைத் தனித்தனி டேப் வளையங்களில் பதிந்தார் (இரண்டு நுனியையும் ஒட்டிய டேப், முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும்). ஒரு வளையம் இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒருமுறை சுற்றும், இன்னொன்று கிட்டத்தட்ட 26, மற்றொன்று கிட்டத்தட்ட 30. ஸ்டூடியோவில் அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி டேப்பை ஓடவிட்டாராம்! ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சுற்றுவதால் ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சேர்ந்து ஒலிக்கும்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடகர் டேவிட் போவியோடு அவருடைய பெர்லின் காலத்து மூன்று ஆல்பங்களில் வேலை பார்த்தார். டாக்கிங் ஹெட்ஸ், யூ2 என்ற ராக் இசைக் குழுக்களுக்குத் தயாரிப்பாளராக இருந்தார். உங்கள் தபால் ஆபீசுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் 95 ஆக இருந்தால், அதைப் போட்டதும் கேட்கும் அந்தச் சின்ன ஒலிகூட இவர் செய்ததுதான். படம் போடுவதையும் விடவில்லை. நியூயார்க்கில் வீடியோ கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து ஜன்னல் வழியே மேகங்களை எடுத்து, டிவியையும் சாய்த்து வைத்துக் காட்டினார். 2009இல் சிட்னி ஆபரா ஹவுஸ் கூரை முழுக்க இவருடைய வண்ண ஒளிதான்.

இத்தனை ஊர் சுற்றியும் சொந்த ஊரை விடவில்லை. 1982 ஆல்பத்தில் இந்தப் பக்கத்து டன்விச் கடற்கரையின் பெயரில் ஒரு இசை இருக்கிறது. டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். நம் பூம்புகாரைப் போல அதையும் கடல் கொண்டுபோய்விட்டது. கடைசியாக நின்ற பழைய மாதா கோவில் ஒன்றின் கோபுரம் போன நூற்றாண்டில்தான் சரிந்தது. அந்த இசையைக் கேட்டால் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது அப்பா.

2013இல் ஹோவ் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகளும் ஊழியர்களும் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு அறையை ஒளியும் இசையுமாகச் செய்து கொடுத்தார். கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்கு முன் தான் படுத்துக் கிடந்து கேட்டதை, படுத்துக் கிடக்கிறவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவர் அலைந்த அலைச்சலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தம்பி கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்தான், பிறகு விஸ்காம் படித்தான், கல்யாண வீடியோ எடிட் செய்தான், இப்போது வீட்டில் உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் செய்கிறான். 'ஒன்றிலும் உருப்படியாக நிற்கவில்லை' என்கிறீர்கள். நான் பார்க்கும்போது அவன் ஒரே வேலையைத்தான் வெவ்வேறு இடத்தில் நின்று செய்கிறான். அவன் அனுப்பிய ஆற்றுப் படித்துறை வீடியோவை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். தண்ணீர்ச் சத்தத்தை எவ்வளவு பொறுமையாக எடுத்திருக்கிறான்! ஈனோ மாதிரி வருவான் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இங்கே கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே உதவித்தொகை கொடுத்தது. தம்பிக்கு அப்படி யாரும் இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

பின்கட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுங்கள். அங்கே ரோட்டுச் சத்தம் வராது. கரண்ட் போனால் செய்த வேலை அழிந்துவிடும் என்று இன்வெர்ட்டருக்கும், ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கருக்கும் அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். அவன் எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லும் பாங்க் பரீட்சையை அடுத்த வருஷமும் எழுதலாம். மூட்டைகளை மாமா வீட்டுக் களஞ்சியத்தில் வைக்க அத்தையிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும்.

உங்கள் அன்பு மகள்